இரண்டாவது பிரேக்

என் செல்லக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். இங்கே அம்மா சௌக்கியம், உன் சித்தப்பா சௌக்கியம், கார் போன வாரம்தான் ஆயில் மாற்றிப் படு சௌக்கியம். என்னை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கக் கை வரவில்லை, கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன். அதான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் எங்கே பேச முடிகிறது, அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நல்லாச் சாப்பிடறார், நல்லாத் தூங்கறார் என்று எனக்கும் சேர்த்து அவளே ஒப்பித்து முடித்துவிடுகிறாள். நான் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. இப்போது அவள் கடைக்குப் போயிருக்கிறாள், அந்த இடைவெளியில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மருந்து விரல் நுனியையெல்லாம் மரக்க வைத்துவிட்டதால் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், நீ ஒண்ணாங்கிளாசில் எழுதியதை நான் படிக்கவில்லையா, அந்த மாதிரி நினைத்துப் படித்துக்கொள்.

கீமோ வார்டைப் பற்றி உன்னிடம் சரியாகச் சொன்னதே இல்லை. ஒரு நீள அறை, சுவரோரமாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சக்கரம் வைத்த ஒரு கம்பி, அதில் மருந்துப் பை தொங்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அந்தக் கம்பியையும் கூடவே உருட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு வாய்த்த கம்பி எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும். இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனுக்கு அது பொறுக்குமா, அங்கே உள்ள நர்ஸம்மாவிடம், சிஸ்டர், இதுக்கு வீல் அலைன்மெண்ட் பார்க்கணும் என்றேன். அந்தம்மா சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை, சிடுமூஞ்சி என்றுதான் நாங்கள் பேர் வைத்திருக்கிறோம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சர்வீஸுக்கு விடறதா இருந்தா முதல்ல உங்களைத்தான் விடணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. வார்டே சிரித்தது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பேக்கரிக்காரர் இருந்தார், தொப்பை போட்ட மனிதர், தொப்பை கரைந்து தோல் மட்டும் மிச்சமிருந்தது. ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போட்டவருக்கு மருந்து ஆரம்பித்ததிலிருந்து ரொட்டி வாசனை பட்டாலே குமட்டலாம், சொந்தக் கடைக்குள்ளே நுழைய முடியாமல் எதிர் வரிசையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மகனுக்குக் கையை ஆட்டி ஆட்டி வேலை சொல்லுவாராம், போகிறவர்களெல்லாம் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நின்று விசாரித்துவிட்டுப் போவார்களாம். எங்கள் இருவருக்கும் ஒரு பந்தயம் உண்டு, யார் பை முதலில் தீர்கிறது என்று. அவருடையது முந்தினால் நான் ரோடு ரூல்ஸ் சொல்லி அபராதம் போடுவேன், என்னுடையது முந்தினால் அவர், வாத்தியாரே, நீங்களே ஓவர்ஸ்பீடா என்பார். போன மாதம் போனபோது அந்த நாற்காலியில் காதில் பாட்டு மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். சிடுமூஞ்சியிடம் அவர் எங்கே என்று கேட்டேன், அது என் கம்பியை மாற்றி நேராக ஓடும் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. அன்றைக்கு என் பை சீக்கிரமே தீர்ந்துவிட்டது, சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

இந்த மருந்து பண்ணும் கூத்து கொஞ்ச நஞ்சம் இல்லை. குளிர்ந்த எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறது, அதனால் அம்மா பிரிட்ஜ் கைப்பிடிக்கு உன் பழைய ஸ்கூல் சாக்ஸை மாட்டிவிட்டிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் பிரிட்ஜுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்கிறார்கள். தலை வழித்த தேங்காய் ஆகிவிட்டது உனக்குத் தெரியும், புருவமும் போய்விட்டது தெரியாது, கண்ணாடியில் பார்த்தால் யாரோ என்னிடம் லைசென்ஸ் வாங்க வந்த மாதிரி இருக்கிறது. இதெல்லாம் போகட்டும், கால்தான் என்னைக் கவிழ்த்துவிட்டது. முதலில் விரல்கள் மரத்தன, பிறகு பாதம், இப்போது கணுக்கால் வரைக்கும் அது என்னுடைய கால் என்பதே பார்த்தால்தான் தெரிகிறது. ஆனால் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து வேகமாக ஒரு மூலை திரும்பினால் போதும், என் கால் தானாகப் போய்ப் பிரேக்கை மிதிக்கும், அங்கே பிரேக் எங்கே இருக்கிறது, செருப்புதான் கழன்று பறக்கும். உனக்குத்தான் தெரியுமே, ஸ்கூல் காரில் சொல்லித்தருகிறவன் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறும்போது நாம் மிதிக்க. என் வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தபடிதான் ஓடியிருக்கிறது, கல்யாணக் காரில் போனபோதுகூட மிதித்துக்கொண்டே போனேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நான் ஓட்ட முடியாது என்று ஆனதும் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போய்வந்தோம். திரும்பி வரும்போது எனக்கு வாந்தி வரும், டிரைவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் வாந்தி பயந்து திரும்பிப் போய்விடும். அப்போதுதான் முடிவு பண்ணினேன், உன் அம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று. ஆஸ்பத்திரிக்காக மட்டும் இல்லை கண்ணு. எனக்குப் பிறகு அவள் மழையில் ஒரு வண்டிக்காகத் தெருமுனையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற காட்சி என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வீட்டில் இருக்கிறவளுக்குக் கொடுக்கவில்லை, கேட்டால், வீட்டிலேயே ஒரு டிரைவர் இருக்கும்போது எனக்கெதுக்குங்க என்பாள். இந்த முறை மறுக்கவில்லை, மறுபேச்சுப் பேசாமல் வந்து உட்கார்ந்தாள், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கோடவுன்களுக்குப் பின்னால் அந்த அகலமான ரோட்டில்தான் ஆரம்பித்தோம், உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே இடம். அம்மா ஹாரன் அடிக்க மாட்டாள், கண்ணாடியை இறக்கி, கொஞ்சம் தள்ளிக்கோங்களேன் என்று கேட்பாள். கியர் மாற்றும்போது காரிடமே, இருப்பா, இதோ ஆச்சு என்பாள். நாய் குறுக்கே வந்தால் அது போய் உட்கார்ந்து சொறிந்துகொண்டு எழுந்திருக்கிற வரைக்கும் நிற்பாள். சிரித்துச் சிரித்து ஆபரேஷனுக்காக வயிற்றில் தையல் போட்ட இடம் வலித்தது. நோய் வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தது அந்தக் காரில் மட்டும்தான் என்று சொன்னால் நீ நம்ப வேண்டும்.

ஒரு நாள் பள்ளிக்கூட மூலையில் தண்ணீர் கேன் வண்டிக்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். நான் என் பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன், கார் குத்திட்டு நின்றது. அவ்வளவுதான், வீடு வருகிற வரைக்கும் ஒரே ஜம்பம். பார்த்தியா, நான் மட்டும் பக்கத்துல இல்லேன்னா என்ன ஆகியிருக்கும், கிழவனா ஆனாலும் கால் பேசுது பாரு என்றெல்லாம் அளந்துகொண்டே வந்தேன். அவளும் ஆமாங்க, ஆமாங்க என்றாள். வீட்டு வாசலில் அவள் இறங்கிப் போய்க் கதவைத் திறக்கிற நேரத்தில் எனக்கு என்னவோ தோன்றியது, நேராக முன்னால் பார்த்தபடி இன்னொரு தரம் மிதித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். என் கால் பிரேக்கின் மேல் இல்லை. ஒரு சாண் தள்ளி, வெறும் மிதியடியை மிதித்துக்கொண்டிருந்தது. திரும்பவும் செய்து பார்த்தேன், திரும்பவும் மிதியடிதான். அப்படியானால் வண்டியை நிறுத்தியது நான் இல்லை, அவள். அன்றைக்கு மட்டும் இல்லை, எத்தனையோ நாளாக அவள்தான் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய்க் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே, எனக்கு ரொம்ப நாளாவே தெரியும், உங்க காலைத்தான் நான் தினம் பார்த்துக்கிட்டே ஓட்டறேன் என்றாள். ரோட்டைப் பார்க்காமல் காலையா பார்ப்பாய் என்று கத்தினேன். மறுநாளிலிருந்து உன் சித்தப்பாவை அந்த சீட்டில் உட்கார வைத்தேன், எனக்குப் பின்சீட்டு.

சித்தப்பா வாயால் பாராட்டு வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அவனே, அண்ணி என்னைவிட நல்லா ஓட்டறாங்கண்ணே என்றான். டெஸ்டுக்கு அனுப்பினோம், பெயில். மறுபடி அனுப்பினோம், பெயில். எட்டு போடுவாள், மேட்டில் ஏற்றுவாள், பின்னால் எடுத்து நிறுத்துவாள், எல்லாம் முடிந்து இறங்கப் போகிற நேரத்தில் எங்கேயாவது ஒரு கம்பத்தை இடித்துவிட்டு வருவாள். கடைசித் தடவை மேட்டு மேலேயே என்ஜினை அணைத்துவிட்டு, எனக்கு வராது சார் என்று இறங்கி நடந்து வந்துவிட்டாளாம். அன்று சாயங்காலம் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் பண்ணினார், நம் பழைய சிநேகிதர்தான். அண்ணே, ஒரு ஆள் தெரியாம தப்புப் பண்றாங்களா, தெரிஞ்சே பண்றாங்களான்னு எனக்குத் தெரியாதா, அண்ணி வேணும்னேதான் பண்றாங்க, வீட்டுல என்ன விஷயம்னு கேளுங்க என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. போய் நின்று கேட்டேன், ஏன் இப்படி என் மானத்தை வாங்குகிறாய், நான் இருக்கிறபோதே நீ லைசென்ஸ் வாங்க வேண்டாமா என்று. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அதனால் அழுகிறாளா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. நீங்கதானே உங்க அக்கா வந்திருந்தப்போ சொன்னீங்க, இவ லைசென்ஸ் வாங்கிட்டாப் போதும், அப்புறம் நான் எப்ப வேணாக் கிளம்பலாம்னு, சொன்னீங்களா இல்லையா என்றாள். சொன்னேன்தான், உன் அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளைத் தேற்றுவதற்காக ஏதோ விளையாட்டாகச் சொன்னது. இவள் சமையலறையில் நின்று கேட்டு மனசில் முடிந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். தான் பெயில் ஆகிக்கொண்டே இருந்தால் நான் போக மாட்டேன் என்று.  நான் போய்ப் படுத்துவிட்டேன்.

இப்போது தள்ளி வைத்ததைச் சொல்கிறேன். போன வாரம் ஸ்கேன் முடிவு பார்க்கப் போனோம். டாக்டரம்மா நம் ஸ்கூலில் கார் கற்றுக்கொண்ட பெண்தான், காலேஜில் படிக்கும்போது வந்தாள், கிளட்சைச் சட்டென்று விட்டு விட்டு வண்டியை அணைத்துவிடுவாள், கடைசி வரைக்கும் அது மட்டும் அவளுக்கு வசப்படவே இல்லை. அன்றைக்கும் அப்படித்தான், ஆரம்பிக்கிறாள், நின்றுவிடுகிறாள், பேனாவை மூடுகிறாள், திறக்கிறாள், தண்ணி குடிக்கிறீங்களா சார் என்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. கிளட்சை மெதுவா விடும்மா, வண்டி தானா நகரும் என்றேன். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள், நாங்கள் இரண்டு பேரும் அவளைச் சமாதானப்படுத்தினோம். அப்புறம்தான் சொன்னாள். மருந்துக்குக் கட்டி அடங்கவில்லை, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போனது இப்போது நுரையீரலிலும் தெரிகிறது, இனிமேல் கீமோ போட்டால் உடம்பு தாங்காது, போடுவதால் பிரயோஜனமும் இல்லை, நிறுத்திவிடலாம், வலிக்கு மட்டும் பார்த்துக்கொள்வோம் என்று. எவ்வளவு நாள் என்று அம்மா கேட்கவில்லை, நான் கேட்டேன். வருஷக் கடைசியைப் பற்றிப் பேச வேண்டாம் சார் என்றாள். திரும்பி வரும்போது அம்மாதான் ஓட்டினாள், பக்கத்தில் சித்தப்பா, பின்னால் நான். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் அவள் எடுக்கவில்லை, பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. நான்தான் பின்னாலிருந்து, முதல் கியர் போடும்மா என்றேன். போட்டாள், போனோம்.

மறுநாள் காலையில் எழுந்து குளித்து, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு டெஸ்டுக்குப் போய்விட்டாள். நான் போகச் சொல்லவில்லை. ஒரு தப்பு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை, பாஸ். இன்ஸ்பெக்டர் போனில் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் ஸ்டூடண்ட் யார் பாஸ் பண்ணினாலும் இனிப்பு வாங்கிவரச் சொல்லித் தெருவையே கூட்டுகிறவன் நான், அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் வந்தாள், சாவியை மேஜை மேல் வைத்தாள், கட்டில் முனையில் உட்கார்ந்து என் இரண்டு காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டாள். பிடித்துவிடுகிறாள் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அப்புறம், போதுமா என்று மட்டும் கேட்டாள்.

குட்டிம்மா, நான் தைரியசாலி என்று எல்லோரிடமும் பேர் வாங்கியிருக்கிறேன், வார்டில்கூட என்னைக் காட்டி மற்றவர்களுக்குச் சொல்வார்கள், அவரைப் பாருங்க, எப்பவும் சிரிச்ச முகம் என்று. அது பொய் கண்ணு. எனக்குப் பயமாக இருக்கிறது. நன்றாக இருக்கிற எவனாவது தெருவில் கைவீசி நடந்து போனால் எரிச்சலாக இருக்கிறது. நம்பிக்கை வை என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள், எங்கே வைப்பது, வைக்க இடம் இல்லை. ஜோக் அடிப்பதுகூட மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பதறாமல் இருக்கத்தான், அவர்கள் போனதும் அந்த ஜோக்கையே நினைத்து அழுகிறேன். நீ அங்கே இன்டர்நெட்டில் தேடிப் புது மருந்து, புது டாக்டர் என்று எதையும் அனுப்பாதே, மாப்பிள்ளையையும் தேடச் சொல்லாதே. லீவு வருஷக் கடைசியில்தான் கிடைக்கும் என்று சொன்னாய், நானும் பரவாயில்லை, வேலைதான் முக்கியம் என்று சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இப்போதே வா. வந்து ஒன்றும் பண்ண வேண்டாம், என் பக்கத்தில் உட்கார்ந்து நீ ஆபீசில் யாரோடு சண்டை போட்டாய் என்று சொல்லிக்கொண்டிரு, போதும். அதைவிட முக்கியமாக அம்மாவுக்காக வா. அவள் பாஸ் பண்ணிய நாளிலிருந்து என்னோடு சண்டை போடுவதே இல்லை, சோறு வேண்டாம் என்றால் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். முப்பது வருஷம் வாய் ஓயாமல் பேசியவள் சரி சரி என்பதைக் காதால் கேட்க முடியவில்லை.

கடைக்குப் போயிருக்கிறாள் என்று எழுதினேனே, காரில்தான் போயிருக்கிறாள், தனியாக. கிளம்பும்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்பினாள். ஆமாம், ஹாரன் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இதோ, வண்டி வந்துவிட்டது, வாசலில் பின்னால் எடுக்கிறாள், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், அவ்வளவு சுத்தமாக எடுக்கிறாள். இதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், சாயங்காலம் சித்தப்பாவிடம் கொடுத்துத் தபாலில் சேர்த்துவிடச் சொல்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயசு, நோயில்லாத நூறு வயசு, இருக்க வேண்டும். அவர் நல்லவர், என் முன்னால் வண்டி ஓட்ட நடுங்குகிறார் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை, என் ஆசீர்வாதத்தைச் சொல். உன் காரில் டயர் காற்றைப் பார்த்தாயா, பார்த்திருக்க மாட்டாய், இன்றைக்கே பார். ஏர்போர்ட்டுக்கு உன்னை அழைத்துவர அம்மாதான் வருவாள். முடிந்தால் நானும் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறேன், வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. நீ பின்னால் போய் உட்காராதே, முன்னால் அவள் பக்கத்தில் உட்கார். உன் காலடியில் என் பிரேக் இருக்கும். அதை மிதிக்காதே, அவளுக்கு அது தேவையில்லை. ஆனால் காலை மட்டும் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொள், அம்மா அடிக்கடி திரும்பிப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
பின்சீட்டுக்கு மாறிவிட்ட
உன் அப்பா